சிஏ 19-9 ஏறுகிறது, பீட்டா எச்சிஜி இறங்குகிறது: பரவிய சிறுநீர்ப்பைப் புற்றில் எதை நம்புவது?

மழைக்காலம் (கேள்வி):

பரவிய சிறுநீர்ப்பைப் புற்றில் ரத்த மார்க்கர்களை (கட்டியின் போக்கைத் தெரிந்துகொள்ள ரத்தத்தில் அளக்கும் பொருள்களை) எப்படிப் படிப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நோயாளி ஆண், வயது 64, எடை 60 கிலோ. பயாப்ஸி முடிவு உயர் கிரேடு யூரோதீலியல் கார்சினோமா, அதாவது சிறுநீர்ப் பாதையின் உட்படலத்தில் எழும் வீரியமான புற்று. இடுப்பிலும் பெருந்தமனி ஓரத்திலும் நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றன. இரண்டு நுரையீரலிலும் சிறு முடிச்சுகள். முதல் சிடி ஸ்கேனிலேயே வலது சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் 21 நாள் சைக்கிளாகப் போகின்றன. இரண்டு முடிந்தன, மூன்றாவது அடுத்த வாரம்.

கீமோ தொடங்கும் முன் எடுத்த ரத்தத்தில் மார்க்கர்கள்: சிஇஏ – 3.1, சிஏ 125 – 28, சிஏ 19-9 – 412, பீட்டா எச்சிஜி – 46. இரண்டாவது சைக்கிளுக்கு முன் சிஏ 19-9 530, எச்சிஜி 19. இப்போது சிஏ 19-9 688, எச்சிஜி 8. சிஇஏவும் சிஏ 125-ம் அசையவே இல்லை. ஹீமோகுளோபின் 10.4. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் க்ரியாட்டினின் 0.9 இருந்தது, இப்போது 1.5.

ஒரே நோயில் இரண்டு மார்க்கர் எதிரெதிராகப் போனால் எதை எடுத்துக்கொள்வது? சிஏ 19-9 இரண்டு தடவை தொடர்ந்து ஏறியிருப்பதால் கீமோ வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டலாமா? மூன்றாவது சைக்கிள் முடிந்து எடுப்பதாக இருக்கும் சிடியை முன்னால் கொண்டுவரக் கேட்கலாமா? சைஃப்ரா 21-1, எஸ்சிசி என்ற வேறு இரண்டு மார்க்கர்களையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவு கிடைக்குமா?


நீர்ப்பாதை:

மார்க்கர் பேச்சுக்கு முன் க்ரியாட்டினினைப் பேசிவிடுவோம், இந்த ரிப்போர்ட்டில் அவசரம் அதுதான். சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்குப்படி 140-லிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கி, க்ரியாட்டினினின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். 0.9 இருந்தபோது நிமிடத்துக்கு 70 மில்லி வருகிறது. 1.5-க்கு 42. முழு அளவு சிஸ்பிளாட்டினுக்கு வழக்கமாக 60 கேட்பார்கள். அளவைப் பிரித்து இரண்டு நாளில் கொடுப்பவர்கள்கூட 42 என்றால் நின்று யோசிப்பார்கள். அடுத்த வாரம் கீமோ நாற்காலியில் உட்கார வைத்த பிறகு இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. இன்றே சிகிச்சை தரும் மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

க்ரியாட்டினின் இப்படி ஏற இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கலாம். அல்லது கட்டியோ கணுவோ சிறுநீர்க்குழாயை நெருக்கி அடைப்பு முற்றியிருக்கலாம். முதல் சிடியிலேயே வலப்பக்கம் வீக்கம் இருந்திருப்பதால் இரண்டாவதை விலக்காமல் முதலாவதை ஏற்கக் கூடாது. அல்ட்ராசவுண்ட் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி இருந்தால் அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று சேர்ந்திருக்கலாம். அப்போது நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது, உடனே மருத்துவமனை. அதுவும் கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும் வேளையில் இன்னும் ஆபத்து.

இந்த அடைப்பே உங்கள் முதல் கேள்விக்கும் பதிலாக இருக்கலாம். சிஏ 19-9 புற்றுக்கு மட்டும் சொந்தமான பொருள் அல்ல. பித்தநாளம், கணையம், சிறுநீர்ப் பாதை ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் நல்ல செல்களும் அதைச் சுரக்கின்றன. வழி திறந்திருந்தால் பித்தத்தோடும் சிறுநீரோடும் அது வெளியே போய்விடும். வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறினால் ரத்தத்துக்குள் கசியும். கல் அடைத்த சிறுநீரகத்தில், புற்றே இல்லாதவர்களுக்கு, சிஏ 19-9 பல நூறு வரை ஏறி, அடைப்பை எடுத்ததும் இறங்கியது பல தடவை பதிவாகியிருக்கிறது. ஆகவே 412-லிருந்து 688 ஆனதில் எவ்வளவு கட்டியினுடையது, எவ்வளவு வீங்கிய சிறுநீரகத்தினுடையது என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

எச்சிஜி கதை வேறு. கர்ப்பத்தில் சுரக்கும் இந்த ஹார்மோன் ஆணுக்கு எப்படி என்று நிறைய பேர் திகைப்பார்கள். யூரோதீலியல் கட்டிகளில் ஒரு பகுதி, குறிப்பாக முற்றிய உயர் கிரேடு கட்டிகள், எச்சிஜியின் பீட்டா துணுக்கைத் தனியாகச் சுரக்கும். இருப்பது நல்ல அறிகுறி இல்லை. ஆனால் இருந்தால் பின்தொடர உதவும். எச்சிஜியில் ஒரு பங்கு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, சிறுநீரகம் மந்தமானால் அளவு ஏறத்தான் வேண்டும். இங்கே சிறுநீரகம் கெட்டும் 46, 19, 8 என்று இறங்கியிருக்கிறது. எதிர்க்காற்றையும் மீறி இறங்கிய எண் அது. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால் என் சாய்வு எச்சிஜி பக்கம்.

அதற்காக கீமோ வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட மாட்டேன். ஒரே உடலில் கட்டி எல்லா இடத்திலும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. எச்சிஜி சுரக்கும் செல்கள் கீமோவுக்கு மடிந்து, சுரக்காத செல்கள் வளர்வதும் நடக்கும். தீர்ப்பு ஸ்கேனில்தான். சிடியை முன்னால் கொண்டுவரக் கேட்பது நியாயம். ஆனால் காரணமாக சிஏ 19-9-ஐச் சொல்லாதீர்கள், ஏறிய க்ரியாட்டினினையும் வீங்கிய சிறுநீரகத்தையும் சொல்லுங்கள்.

சிஏ 19-9-ஐ ஏற்றும் மற்ற காரணங்களையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம்: பிலிருபின், அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ், ஜிஜிடி (மூன்றும் கல்லீரல், பித்தநாளத்துக்கு), சிஆர்பி (அழற்சிக்கு), கூடவே சிறுநீர்க் கல்ச்சர். பித்தநாள அடைப்பு, கணைய அழற்சி, ஈரல் சுருக்கம், கட்டுப்படாத சர்க்கரை எல்லாமே அதை ஏற்றும்.


சோதனைக்குழாய்:

ஆய்வகப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். நோயாளிகளின் கையில் கிடைக்கும் மார்க்கர் வரைபடங்களில் பாதிக் குழப்பம் ரத்தம் எடுத்த விதத்திலும் கிட்டிலும் (கருவியில் போடும் சோதனைப் பொருள் தொகுப்பிலும்)தான் பிறக்கிறது.

மூன்று ரிப்போர்ட்டும் ஒரே ஆய்வகம், ஒரே கருவி, ஒரே கிட்டா? சிஏ 19-9-க்கு எல்லா நிறுவனமும் ஒத்துக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. ஒரே ரத்தத்தை இரண்டு நிறுவனத்தின் கருவிகளில் ஓட்டினால் ஒன்றில் 400, மற்றதில் 700 வருவது சகஜம். இரண்டு ரிப்போர்ட்டிலும் 37-க்குக் கீழ் இயல்பு என்றுதான் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரிப்போர்ட்டின் அடியில் முறை என்ற இடத்தில் கருவியின் பெயர் இருக்கும். அது மாறியிருந்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் போடக் கூடாது. ஆய்வகம் மாறியே ஆக வேண்டும் என்றால் ஒரு தடவை ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தை இரண்டு இடத்திலும் கொடுத்து, புதிய தொடக்க எண் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள்.

எச்சிஜிக்கு இன்னும் கவனம் வேண்டும். சந்தையில் மூன்று வகைக் கிட் உண்டு: முழு எச்சிஜியை மட்டும் பிடிப்பது, முழுதையும் தனி பீட்டாவையும் சேர்த்துப் பிடிப்பது, தனி பீட்டாவை மட்டும் பிடிப்பது. சிறுநீர்ப்பைக் கட்டி பெரும்பாலும் தனி பீட்டாவைத்தான் விடும் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். முழு எச்சிஜியை மட்டும் பிடிக்கும் கிட்டில் அது பூஜ்யமாகவே வரலாம். ரிப்போர்ட் தலைப்பில் பீட்டா எச்சிஜி என்று இருப்பதால் மட்டும் தனி பீட்டாவைப் பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வகத்தில் கேட்டால் கிட்டின் விவரத்தாளைப் பார்த்துச் சொல்வார்கள்.

எவ்வளவு மாறினால் மாற்றம்? உடலின் தினசரி ஏற்ற இறக்கமும் கருவியின் பிழையும் சேர்ந்து 20 முதல் 25 சதவீதம் வரை சும்மாவே ஆடும். 412-லிருந்து 530 என்பது 29 சதவீதம், எல்லையைச் சற்றே தாண்டியது. 412-லிருந்து 688 என்பது 67 சதவீதம், அது நிஜமான ஏற்றம். காரணம் கட்டியா அடைப்பா என்பது வேறு கேள்வி. எச்சிஜி 46-லிருந்து 8 ஆனது சந்தேகத்துக்கு இடமில்லாத இறக்கம்.

நகம், முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? 5, 10 மில்லிகிராம் மாத்திரைகள் பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பில் ஓடும் கிட்டுகளில் மார்க்கரைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சாதாரண மல்ட்டிவைட்டமினில் இருக்கும் 30 மைக்ரோகிராம் பிரச்சினை இல்லை. ரத்தம் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் பயோட்டின் வெளியேறவும் தாமதமாகும், இந்த நோயாளிக்கு ஒரு வாரம் நிறுத்துவது நல்லது. எச்சிஜி இறக்கத்தை நம்பப் போகிறீர்கள் என்பதால் இதை விசாரிக்காமல் விடாதீர்கள்.

சைஃப்ரா, எஸ்சிசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த நோயாளிக்கு இப்போது வேண்டாம் என்பேன். இரண்டுமே சிறுநீரகம் மந்தமானால் ஏறும். க்ரியாட்டினின் 1.5 இருக்கும்போது முதல் தடவையாக எடுத்து உயர்வாக வந்தால், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எஸ்சிசிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தோலிலும் உமிழ்நீரிலும் அது ஏராளமாக இருக்கிறது. திறந்த குழாய்க்கு மேல் யாராவது பேசினாலோ தும்மினாலோ எண் எகிறும். உமிழ்நீரில் சிஏ 19-9-ம் சிஇஏவும்கூட உண்டு. திடீரென்று ஒரு எண் மட்டும் தாறுமாறாக வந்தால் உடனே மறுபடி எடுங்கள்.

மருத்துவப் படத்தோடு ஒட்டவே ஒட்டாத எண் வந்தால் ஆய்வகத்திடம் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டச் சொல்லலாம். 10 மடங்கு நீர்த்தால் விடையும் பத்தில் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் ரத்தத்தில் உள்ள வேறு எதிர்ப்பொருள் கிட்டோடு ஒட்டிப் பொய் சொல்கிறது. நீர்த்த மாதிரியில் எண் குறையாமல் ஏறினால், அளவு மிக அதிகமாகி கிட் திணறியிருக்கிறது. எச்சிஜி பல லட்சக்கணக்கில் இருக்கும் கட்டிகளில் இந்தத் திணறல் உண்மையான சிக்கல்.


வெண்தாள்:

எதிர்த்தரப்பு ஒன்றும் பதிவாகட்டும். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு வழிகாட்டு நெறிகள் எதுவும் சிகிச்சையை முடிவு செய்ய ரத்த மார்க்கரைக் கேட்பதில்லை. குடல் புற்றுக்கு சிஇஏ, விதைப்பைப் புற்றுக்கு எச்சிஜி, ஏஎஃப்பி என்று நிலைபெற்றவை இருக்கின்றன. இங்கே அப்படி ஒன்று இல்லை. ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் சிறியவை, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கிட், வெவ்வேறு எல்லை எண். சிஇஏவை எடுத்துக்கொண்டால், புகைப்பவருக்கு அது இயல்பாகவே கொஞ்சம் உயர்ந்திருக்கும், சிறுநீர்ப்பைப் புற்றின் முதல் காரணமும் புகைதான். சிஏ 125 வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்தால் புற்று நகராமலே ஏறும். பத்து முதல் இருபது பேரில் ஒருவருக்கு லூயிஸ் ரத்தவகைக் குணமே இல்லாததால் உடலெல்லாம் நோய் பரவினாலும் சிஏ 19-9 எழும்பாது.

தொடக்கத்தில் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுப்பதில் தவறில்லை. எது உயர்ந்திருக்கிறதோ அதை மட்டும் தொடர வேண்டும். இந்த நோயாளிக்கு சிஇஏவும் சிஏ 125-ம் தொடக்கத்திலேயே இயல்பு. ஒவ்வொரு சைக்கிளிலும் அவற்றை எடுப்பது வீண் செலவு. விட்டுவிடலாம். யூராக்கஸ் (கருவில் தொப்புளையும் சிறுநீர்ப்பையையும் இணைத்த குழாயின் எச்சம்) பகுதியில் எழும் அடினோகார்சினோமாவுக்கு சிஇஏ நிஜமாகவே பயன்படும். ஆனால் அது வேறு நோய். சிறுசெல் வகை கலந்திருந்தால் என்எஸ்இ என்ற மார்க்கரைப் பார்ப்பார்கள். ரத்தச் சிவப்பணுவிலும் என்எஸ்இ இருப்பதால் மாதிரியில் செல் உடைந்தாலே எண் பொய்யாகிவிடும்.

இன்னொன்று: கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் செல்கள் உடைந்து மார்க்கர் தற்காலிகமாக ஏறுவது உண்டு. நான்கு முதல் ஆறு வாரம் வரை வரும் ஒற்றை ஏற்றத்தை வைத்து மருந்தை மாற்றுவது பெரிய தவறு, வேலை செய்யும் மருந்தையே தூக்கி எறிந்ததாக ஆகிவிடும்.

மலிவான பழைய சோதனைகள் இந்த நோயின் போக்கை எவ்வளவோ நன்றாகச் சொல்கின்றன. நோயாளி எழுந்து நடமாடும் நிலை, கல்லீரலில் பரவல், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இருப்பது ஆகிய மூன்றையும் வைத்து, முதல் கீமோ தோற்ற பிறகு நோய் எப்படிப் போகும் என்று கணிக்கும் அளவுகோல் 2010-லேயே வந்துவிட்டது. அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் ஏறினால் எலும்பையும் கல்லீரலையும் தேடுங்கள். கால்சியம் ஏறி நோயாளி மந்தமாகி மலச்சிக்கலோடு இருந்தால் உடனே கவனியுங்கள். செதிள் செல் தன்மை கலந்த கட்டிகளில் இது அதிகம், இது மருத்துவ அவசரம். எல்டிஎச், அல்புமின், வெள்ளணுக்களின் விகிதம் எல்லாம் ஏற்கெனவே கைக்குள் இருக்கும் ரிப்போர்ட்டில்தான் இருக்கின்றன.


மழைக்காலம்:

மூவருக்கும் நன்றி. அல்ட்ராசவுண்ட் பார்த்தாகிவிட்டது: வலது சிறுநீரகம் நடுத்தர அளவு வீக்கம், சிறுநீர்க்குழாய் கீழ்ப்பகுதி வரை விரிந்திருக்கிறது, இடப்பக்கம் இயல்பு. பிலிருபின் இயல்பு. காய்ச்சல் இல்லை. பயோட்டின் சாப்பிடவில்லை, ஆய்வகமும் கருவியும் மாறவில்லை. அடைப்பைத் திறந்த பிறகு எப்போது மறுபடி எடுப்பது? அத்தோடு, ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைப் பார்க்கும் சோதனை இந்த மார்க்கர்களை விட நம்பகமா?


நீர்ப்பாதை:

அடைப்பு உறுதியாகிவிட்டது, நல்லது. இது சரிசெய்யக்கூடிய காரணம். இடச் சிறுநீரகம் இயல்பாக இருந்தும் க்ரியாட்டினின் 1.5 வரை ஏறியிருப்பதால் சிஸ்பிளாட்டினுக்கும் இதில் பங்கு இருக்கலாம். அடைப்பைத் திறந்தபின் முழுதாக 0.9-க்குத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சிறுநீர்க்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைக்க சிறுநீர்ப்பை வழியாகப் போக வேண்டும். கட்டி சிறுநீர்க்குழாயின் வாயை மூடியிருந்தால் வழி கிடைக்காது. வெளியிலிருந்து கணு நெருக்கினால் ஸ்டென்ட் வைத்தாலும் அதுவே நசுங்கி அடைபடலாம். அந்தச் சூழலில் முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் நெஃப்ரோஸ்டமி என்ற வடிகுழாய் வைப்பது உறுதியான வழி. வைத்த பின் முதல் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் அளவுக்கு மீறிப் பெருகலாம். சோடியம், பொட்டாசியம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

க்ரியாட்டினினை ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள். சிஏ 19-9-ஐ இரண்டு மூன்று வாரம் விட்டு, அடுத்த சைக்கிளுக்கு ரத்தம் எடுக்கும்போதே எடுங்கள். குழாய் வைத்த அடுத்த நாளே எடுத்தால் தொட்ட எரிச்சலும் தொற்றும்தான் எண்ணில் தெரியும். 688 தெளிவாகக் கீழே வந்தால் ஏற்றம் சிறுநீரகத்தினுடையது. குழாய் நன்றாக வடிந்து, வீக்கமும் வற்றி, தொற்றும் இல்லாமல் அப்போதும் மேலேயே ஏறினால் கட்டியைச் சந்தேகப்பட வேண்டும். அதை ஸ்கேனோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எச்சிஜி 3, 4 என்று ஒரு சிறு எண்ணில் வந்து நின்றுவிட்டால் மீதி நோய் என்று பயந்துவிடாதீர்கள். கீமோவால் விதைப்பையின் ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி சுரப்பியே சிறிதளவு எச்சிஜியை விடும். கூடவே அதே சுரப்பியின் ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச் எடுத்து அவை உயர்ந்திருந்தால் மூலம் அங்கே இருக்கலாம்.


சோதனைக்குழாய்:

டிஎன்ஏ சோதனைக்கு வருகிறேன். அறிவியல் ரீதியாக இவை பழைய மார்க்கர்களை விட மேல். கட்டி விடும் டிஎன்ஏ ரத்தத்தில் சில மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை, ஆகவே எண் அன்றைய நிலையைக் காட்டும். அடைபட்ட பித்தநாளமோ வீங்கிய சிறுநீரகமோ கட்டியின் மரபணு மாற்றத்தை உருவாக்கிவிடாது.

ஆனால் சான்று வலுவாக இருக்கும் இடம் வேறு. தசைவரை போன கட்டியை அறுத்தெடுத்த பிறகு ரத்தத்தில் கட்டி டிஎன்ஏ மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதில்தான் சிறுநீர்ப்பைப் புற்றின் பெரிய ஆய்வுகள் நடந்தன. ஐஎம்விகர் 010 ஆய்வில் இருந்த மாதிரிகளைத் திரும்பப் பார்த்து 2021-ல் வெளிவந்த அலசலில், டிஎன்ஏ தென்பட்டவர்களுக்கு அட்டிசோலிசுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்து பலன் தந்தது, தென்படாதவர்களுக்குத் தரவில்லை. அதைத் தொடர்ந்து ஐஎம்விகர் 011, டிஎன்ஏ முடிவை வைத்தே சிகிச்சையைப் பிரித்துப் பார்த்தது. உங்கள் நோயாளிக்கு நோய் ஏற்கெனவே பரவியிருக்கிறது. டிஎன்ஏ இருக்கும் என்பது தெரிந்ததே. எவ்வளவு இறங்குகிறது என்பது பயனுள்ள தகவல்தான், ஆனால் அதை வைத்து மருந்தை மாற்றுவது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

இந்தக் கட்டத்தில் பயன் தரும் கேள்வி எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணு பற்றியது. அதில் மாற்றம் இருந்தால் பின்னாளில் எர்டாஃபிட்டினிப் என்ற மாத்திரைக்கு வழி திறக்கும். பயாப்ஸிப் பாளத்தில் பார்ப்பது முதல் தேர்வு. திசு போதாவிட்டால் ரத்தத்தில் பார்க்கலாம். ரத்தத்தில் இருக்கிறது என்று வந்தால் நம்பலாம், இல்லை என்று வந்தால் அதை இறுதியாக எடுக்கக் கூடாது. கட்டி அந்த நேரத்தில் போதிய டிஎன்ஏ விடாமல் இருந்திருக்கலாம்.

எடுப்பதாக இருந்தால் கீமோவுக்கு முந்தைய ரத்தத்திலேயே எடுங்கள். இதற்குத் தனிப் பாதுகாப்பு மருந்து கொண்ட குழாய் வரும், வழக்கமாக 10 மில்லியில் இரண்டு. நிரம்பிய குழாயை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, அறை வெப்பத்திலேயே அனுப்ப வேண்டும். வெள்ளணு உடைந்து அதன் டிஎன்ஏ வெளியே வந்தால் கட்டியின் சொற்ப டிஎன்ஏ அதில் கரைந்து காணாமல் போகும். பல மாதிரிகள் கெடுவது இந்த இடத்தில்தான். ரிப்போர்ட்டில் டிஎன்எம்டி3ஏ, டெட்2 போன்ற மாற்றங்கள் வந்தால் அவை பெரும்பாலும் வயதான எலும்பு மஜ்ஜையிலிருந்து வருபவை, கட்டியினுடையவை அல்ல. வெள்ளணுவையும் சேர்த்து ஒப்பிடும் ஆய்வகமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.


வெண்தாள்:

ஒரு சேர்க்கை. அடுத்த கட்டத்தில் பெம்ப்ரோலிசுமாப் மாதிரி எதிர்ப்பாற்றல் மருந்து வந்தால், அந்த மருந்தே கல்லீரலிலோ பித்தநாளத்திலோ கணையத்திலோ அழற்சியைக் கிளப்பக்கூடும், அப்போதும் சிஏ 19-9 ஏறும். ஒவ்வொரு தடவையும் கல்லீரல் சோதனைகளான ஏஎல்டி, அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் எண்களை அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். க்ரியாட்டினினும் அதே வரியில் இருக்கட்டும். தேதி, சைக்கிள் எண், ஆய்வகம், கருவி, அன்று தொற்று உண்டா, குழாய் மாற்றினார்களா என்று ஒரே தாளில் வரிசையாக இருந்தால் சிடி பார்க்கும் மருத்துவருக்கு இரண்டு நிமிடத்தில் படம் பிடிபடும்.